ஒரு விரல் செம்பு, இரண்டு விரல் வெண்கலம்

நகை செய்ய எந்த மண் நல்லது என்று ஆவடிப் பக்கம் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஐயப்பன்தாங்கல் அடுக்குமாடிகளிலிருந்து லேப்டாப் பையோடு வருகிற பெண்கள்கூட என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மண் என்றால் வெறும் மண் இல்லை. உலோகத் தூளில் பசையும் தண்ணீரும் விட்டுப் பிசைந்தால் சப்பாத்தி மாவு மாதிரி வரும். அதைத்தான் மண் என்கிறோம். கையாலேயே உருவம் செய்து, காயவைத்து, சூளையில் வைத்தால் பசை எரிந்துபோய் உலோகம் மட்டும் நிற்கும். தினமும் போடுகிற மோதிரத்துக்கு வெண்கலம். இடிபட்டாலும் சீக்கிரம் நெளியாது. டாலர், தொங்கட்டானுக்குச் செம்பு போதும். தோலில் பச்சை படிகிற உடம்பு என்றால் காசு போனாலும் வெள்ளிதான்.

ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். பாடியில் வார்ப்படப் பட்டறையில் சேர்ந்து, இரும்போடு மல்லுக்கட்டி, சேக்காட்டில் மாடி வைத்து வீடு கட்டினேன். தலை நரைத்த பிறகு புதுத் தொழில் பழகி அதிலும் பேர் எடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

அப்படிப்பட்ட நான், கையிலிருக்கும் ஒரு வில்லை செம்பா வெண்கலமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மண் பிசைவது என் மனைவியின் வேலை. பிசைந்து, தட்டை அளவுக்குத் தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈரத்துணி விரித்த டப்பாவில் அடுக்குவாள். வெள்ளி வெளுப்பாக இருக்கும், தெரிந்துவிடும். செம்பும் வெண்கலமும் வேகாத நிலையில் இரண்டுமே பழுப்புதான். பேர் எழுதி ஒட்டு என்றேன்.

"எய்தி ஒட்டினா நீ பட்ச்சிடுவ. நான் இன்னாத்த படிக்கிறது? கைநாட்டுன்னு தெரிஞ்சிதான்யா கட்டிகின?"

அதோடு ஒரு வில்லையில் கட்டை விரலை அழுத்தினாள். இன்னொன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை அழுத்தினாள்.

"ஒரு வெரலு செம்பு, ரெண்டு வெரலு வெங்கலம். முட்ஞ்சிச்சா?"

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அதுதான் சட்டம். அவளுக்கும் அதில் ஒரு கர்வம் இருந்தது. ரேஷன் கடை மெஷினில் அவள் விரல் பதியாது. பாத்திரம் துலக்கி, உலோகத் தூளில் பிசைந்து, ரேகை அவ்வளவு தேய்ந்திருந்தது. ஒருநாள் அங்கிருந்து திட்டிக்கொண்டே திரும்பி வந்தவள், நேராக டப்பாவைத் திறந்து ஒரு வில்லையில் அழுத்தி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அந்த மிசினுக்கு நான் யாருன்னே தெர்லயாம். இந்த மண்ணுக்கு நல்லா தெர்து பாரு."

தேய்ந்த ரேகைதான். நடுவில் மட்டும் மெலிதாக ஒரு சுழி விழுந்திருந்தது.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் பெட்டியில்தான் திரும்பி வந்தாள். கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் எடுத்தேன். ஈர மண். கையை விரித்தால் அதில் என் விரல்கள் அச்சு அச்சாக இருந்தன. பங்குச் சாமியார் தோளைத் தொட்ட பிறகுதான் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஆர்டர் ஒன்றுக்காக டப்பாவைத் திறந்தேன். பிளாஸ்டிக் தாளைப் பிரித்ததும் அவள் விரல். மண் இன்னும் ஈரம். இப்போதுதான் அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போனவள் மாதிரி இருந்தது. அறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு என்ன செய்வது? பிசைந்தேன். சுழி என் உள்ளங்கைக்குள் போய் மறைந்தது.

ஒவ்வொரு பொட்டலத்திலும் இதேதான். பிரித்தால் அவள் இருப்பாள், பிசைந்தால் போய்விடுவாள். பூந்தமல்லி பஸ்ஸில் ஒரு பெண் காதில் நான் செய்த தொங்கட்டான் ஆடியதைப் பார்த்தேன். ஒரு விரல் வில்லையில் செய்தது. அந்தப் பெண் தலையைத் திருப்பும்போதெல்லாம் எனக்குப் பிடரி சிலிர்த்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

டப்பா காலியானது. முடிந்தது என்று அதைக் கழுவ எடுத்தபோது, ஈரத்துணிக்கு அடியிலிருந்து ஒரு வில்லை விழுந்தது. தாள் கிழிந்து, ரஸ்க் மாதிரி காய்ந்து, ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடையாத பக்கத்தில் ஒரு விரல் இருந்தது. உடைந்த பக்கத்தில் இன்னொரு விரல் இருந்ததா என்று யார் சொல்வது?

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் மகள் வந்தாள். வில்லையைக் கையில் வாங்கி, விரல் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நைனா, இத டாலராக்கிக் குடு. கல்லறைக்குப் போட்டுகினு போறேன். அம்மா கை பட்டதுன்னு வேற இன்னா கீது?"

"ஆக்கலாம் கண்ணு. செம்பா வெங்கலமான்னு தெர்ல."

"ஊர்ல கீறவங்களுக்கெல்லாம் சொல்ற, உன் ஊட்டு மண்ணு உனக்குத் தெர்லயா?"

"செம்புக்கு வெக்கிற சூட்ல வெங்கலத்த வெச்சா உருகி ஒய்கிடும். வெங்கலத்துக்கு வெக்கிற சூட்ல செம்ப வெச்சா பாதிதான் வேகும், தொட்டா உதிரும். ரெண்டுலயும் உங்கம்மா வெரலு போய்டும்."

பின்பக்கம் ஒரு சில்லு சுரண்டி எடுத்து, அதை முதலில் வேகவைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கத்தியை எடுத்ததும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சுரண்டாத நைனா. அம்மாவுக்கு வலிக்கிற மாரி கீது."

"முதுகுப் பக்கந்தான்மா. வெரலத் தொடல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சுரண்டினேன். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கவில்லை. விழுந்த துண்டைக் கொட்டாங்குச்சிக் கரிக்குள் புதைத்து, செம்புக்கான சூட்டில் கரண்டுச் சூளையில் வைத்தேன். வெண்கலமாக இருந்தால் உருகி மணி மாதிரி உருண்டிருக்க வேண்டும். கரியைக் கிளறிப் பார்த்தோம். வைத்த துண்டு உருகாமல் அப்படியே கிடந்தது.

"செம்பு," என்றேன்.

"அப்ப ஒரு வெரலுதான்," என்றாள்.

மறுநாள் வில்லையின் உடைந்த ஓரத்தைத் தேய்த்து, மேலே ஒரு துளை போட்டு, நிறையக் கரிக்குள் புதைத்து வைத்தேன். ஆறும்வரை மகள் சூளைப் பக்கமே வரவில்லை. எடுத்துக் கல்லில் தட்டினேன். கணீர் என்றது. பித்தளைப் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு வந்தது. சுழி அப்படியே இருந்தது.

ஆனால் சிறியதாக இருந்தது. செம்பு வெந்தால் சுருங்கும், அதுவும் வெள்ளியைவிட அதிகம். எனக்குத் தெரியும், மகளிடம் சொல்லவில்லை. அவள் தன் கட்டை விரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தாள். அடங்கவில்லை.

"அம்மா வெரலு இவ்ளோ சின்னதா நைனா?"

நானும் வைத்துப் பார்த்தேன். என் சுண்டு விரல்தான் போனது. அது பாவாடை கட்டின ஒரு சிறுமியின் விரல். அந்த வயதில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. முகம்கூடத் தெரியாத அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்பது போலிருந்தது. மகள் கருப்புக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றக் குனிந்தபோது அது சிலுவைமேல் பட்டு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நாங்கள் இருவருமே நிமிர்ந்து பார்த்தோம்.

அவள் ஊருக்குப் போன பிறகு புதுச் செம்புத் தூளை நானே பிசைந்து தட்டினேன். எனக்கு எழுதத் தெரியும். 'செம்பு' என்று எழுதி ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு விரல் அழுத்திச் சுற்றி வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். ஈரம் காயாமல் ஒரு விரல். பெரிய விரல், முரட்டு ரேகை, என்னுடையதுதான். தெரியும். தெரிந்தும், தலையைத் தூக்காமல் அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னேன்:

"கொஞ்சம் தண்ணி எட்த்தா, மண்ணு இறுகுது."