அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் என் ஆபீஸ்

"நீ இப்ப வீட்ல இருக்கியா, ஆபீஸ்ல இருக்கியா?"

என் மகள் இதைக் கேட்டுச் சில மாதங்கள் ஆகிவிட்டன. அவளுக்கு மூன்றரை வயது. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். "ரெண்டுலயும்தான்" என்றேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. நானும் அதை நம்பிச் சொல்லவில்லை. சரியான பதில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் அப்படிக் கேட்டதற்கு நான்தான் காரணம் என்பது மட்டும் தெரியும்.

என் அலுவலகம் இந்த வங்காள நகரத்தின் மறுகோடியில், சால்ட் லேக்கில் இருக்கிறது. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. எங்கள் வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், பழைய கட்டடத்தின் முதல் மாடியில். கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை. காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவார். மாமனார் எங்களோடு இருக்கிறார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஆசை உண்டு, முழங்கால்தான் ஒத்துழைப்பதில்லை. சில மணி நேரம் சமாளிப்பார். தினமும் நாள் முழுக்க அவரை மட்டும் நம்பி விட்டுவிட்டு நான் பஸ் ஏற முடியாது; ஏதாவது என்றால் கூப்பிட்ட குரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அதனால்தான் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. துர்கா பூஜை வரைக்கும் பார்ப்போம், சரியாகப் போனால் தொடரலாம், இல்லாவிட்டால் தினமும் நேரில் வர வேண்டும் என்றார் எங்கள் மேலாளர் அம்மா. நேரில் வருவது என்றால் எனக்கு வேலையை விடுவது என்று பொருள். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மிரட்டுவது போல இருக்குமோ என்று பயம்.

எதைச் செய்வதானாலும் நாலு இடத்தில் படித்துவிட்டுத்தான் செய்வேன். தனி அறை வேண்டும், கதவு வேண்டும், வீட்டையும் வேலையையும் கலக்கக் கூடாது என்று எல்லாக் கட்டுரைகளும் சொல்லின. முதலில் படுக்கையறையில் மேசை போட்டுக் கதவைச் சாத்தினேன். மகள் கதவுக்கு வெளியே தரையில் படுத்து, அடியில் இருந்த இடைவெளியில் வாயை வைத்து "அம்மா, தொற" என்று அழுதாள். தொண்டை கட்டும்வரை அழுதாள். கதவு சாத்தியிருந்தால் அந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிகிறது, அதனால்தானே அழுகிறாள், நான் இல்லை என்று நினைத்துவிட்டால் அழமாட்டாள் அல்லவா என்று யோசித்தேன். அந்த யோசனை எனக்கு அப்போது மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது.

எங்கள் வீடு போன்ற பழைய வீடுகளுக்குப் பின்பக்கம் இரும்பில் ஒரு சுழல் படிக்கட்டு இருக்கும். அந்தக் காலத்தில் துப்புரவு செய்ய வருகிறவர்களை முன்வாசல் வழியாக விடாமல் இருப்பதற்காகக் கட்டியது. இப்போது துளசித் தொட்டியும் புறாக்களும்தான் அதில் குடியிருக்கின்றன. படிக்கட்டு எங்கள் சமையலறைக்கு வெளியே வந்து முடியும். சமையலறையை ஒட்டி ஒரு சின்ன சாமான் அறை. அரிசி டிரம், காலி சிலிண்டர், பண்டிகைக்கு மட்டும் இறங்கும் பெரிய பாத்திரங்கள்.

அந்த அறையைத்தான் ஆபீஸ் ஆக்கினேன். குனிந்து வேலை செய்தால் கழுத்து வலிக்கிறது என்று மேசைக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தேன். இந்த ஊரில் கட்டிலையே செங்கல் மேல் ஏற்றி அடியில் பாதி வீட்டை அடுக்கிவிடுவார்கள், மேசை எம்மாத்திரம்? நல்ல நாற்காலி ஒன்று வாங்கினோம். வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி விளக்கு. கால் வைத்துக்கொள்ளப் பொரி டின்னைக் கவிழ்த்துப் போட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

பிறகு தினமும் ஆபீஸ் போனேன். சல்வார் மாட்டி, தலை வாரி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்குவேன். பால்கனியில் மாமனார் இடுப்பில் மகள். "டாட்டா" சொல்லுவாள். தெருமுனை திரும்பும்வரை நடந்து, பின்பக்கச் சந்து வழியாக வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறி, பின்பக்கக் கதவு வழியாகச் சாமான் அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

"இது சரிப்பட்டு வராதும்மா" என்றார் மாமனார் முதல் நாளே. ஆனால் அவர் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர், நாடகப் பைத்தியம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. இரண்டாம் நாளே "அதோ பாரு, அம்மா பஸ் ஏறியாச்சு! ஜன்னல் சீட்டு!" என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மேல்மாடியில் இருக்கும் வங்காளி அம்மாளை நாங்கள் மாசிமா என்போம். அவர் என்னை பௌமா, அதாவது மருமகளே, என்று கூப்பிடுவார். ஒரு நாள் காலை தன் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பௌமா, சொந்த வீட்டுக்குள்ளயே திருடி மாதிரி ஏறுற?"

"மெதுவா பேசுங்க மாசிமா, குழந்தைக்குக் கேட்டுடும்."

"மாமனார் துரத்திட்டாரோன்னு நெனச்சேன்" என்று சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார்.

மாலையில் அதே வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, முன்வாசல் மணியை அடிப்பேன். ஆபீஸிலிருந்து வந்ததற்குச் சான்றாக முனைக் கடையில் ஒரு கொய்யாப்பழம். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். அழுகை நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அந்த அறைக்குள் நான் இல்லாதவளாக இருக்க வேண்டியிருந்தது. இருமக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது. மகள் தூங்கும்போதுதான் மாமனார் தட்டை நீட்டுவார், அப்போதுதான் குளியலறைப் பக்கமும் போக முடியும். ஆபீஸ் கூட்டங்களில் துப்பட்டாவைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு மூச்சுக்காற்றில் பேசினேன். கேட்டால் ஒழிய வாயே திறக்கவில்லை. ஒரு நாள் மேலாளர் தனியாகக் கூப்பிட்டார். "நீ கூட்டத்தில் இருக்கிறாயா இல்லையா என்றே தெரியவில்லை. உனக்கு இதில் விருப்பம் இல்லையோ என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். பூஜை நெருங்குகிறது, உன்னைப் பற்றி மேலிடத்துக்கு நான் என்ன எழுத?" என்றார். சரி செய்துகொள்கிறேன் என்று முணுமுணுத்தேன். அதையும் அவர் மறுபடி சொல்லச் சொன்னார்.

அதன் பிறகு ஒரு நாள் காலையிலிருந்தே மழை. இங்கே அரை நாள் விடாமல் பெய்தால் போதும், தெரு வாய்க்காலாகிவிடும். மதியத்துக்கு மேல் ஒரு முக்கியமான கூட்டம். அன்று நான் சோதித்ததைப் பற்றி நானே விளக்க வேண்டும். என் முறைக்காகக் காத்திருந்தேன். சமையலறைக்கு அந்தப் பக்கம், கூடத்தை ஒட்டிய பால்கனியில், மாசிமா மேலிருந்து உரக்கச் சொல்வது கேட்டது: முனையில் முழங்கால் அளவு தண்ணீர், பஸ் எல்லாம் நின்றுவிட்டது.

"தாத்தா, அம்மா எப்டி வருவா?"

"வந்துடுவாடா செல்லம்."

"ரோட்ல எவ்ளோ ஜோல்! பஸ் இல்லயாம்!" தண்ணீருக்கு அவள் வாயில் வங்காளிச் சொல்தான் வரும்.

"படகுல வருவா. ஜம்முனு உக்காந்துட்டு வருவா பாரேன்."

மாமனார் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். படகு என்றதும் அவள் வீறிட்டாள். "அம்மா விழுந்துடுவா! அம்மா ஜோல்ல விழுந்துடுவா!" கதவைச் சாத்தியபோது அழுததைப் போன்ற அழுகை இல்லை இது. அது கோபம். இது பயம். நான் நாலு எட்டுத் தூரத்தில், காய்ந்த துணியில், நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஹெட்செட்டில் மேலாளர் என் பெயரைச் சொன்னார். "இருக்கிறாயா?"

"ஒரு நிமிஷம்" என்றேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது, அவ்வளவு சத்தம். ஹெட்செட்டைக் கழுத்தில் தள்ளிவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்து, சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு ஓடினேன்.

மகள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. வாசல் கதவைப் பார்த்தாள், அது சாத்தியிருந்தது. பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

"உன் கால் நனையவே இல்ல."

மாமனார் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தார்.

"எங்க இருந்த?"

"இங்கதான்டா கண்ணு. உள்ள, சாமான் ரூம்ல."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

அவள் என்னைத் தாண்டி நடந்து அந்த அறைக்குள் போனாள். செங்கல், விளக்கு, பொரி டின் எல்லாவற்றையும் பார்த்தாள். "இதுதான் ஆபீஸா? ஃபேன்கூட இல்ல" என்றாள்.

"அரிசி டிரம்தான் மேனேஜர்" என்றார் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்த மாமனார். அவள் சிரிக்கவில்லை. டிரம் மேல் தூக்கி உட்காரவைக்கச் சொன்னாள்.

அப்போதுதான் நினைவு வந்தது, மைக்கை அணைக்கவே இல்லை. ஹெட்செட்டை மாட்டினேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். "மன்னிக்கணும், என் மகள்..." என்று ஆரம்பித்தேன்.

"இப்போது நன்றாகக் கேட்கிறது" என்றார் மேலாளர். "இதே குரலில் சொல்லு."

சொன்னேன். மழைச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, நின்றுகொண்டே சொன்னேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், நடுவில் ஒருவரை மறுத்தும் பேசினேன். மகள் டிரம் மேல் காலை ஆட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் போடவில்லை. ஒளிந்திருந்த நாட்களில் நான் எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ, அது வரவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் மேலாளர் மட்டும் இணைப்பில் இருந்தார். "இவ்வளவு நாளும் ஏன் நோயாளி மாதிரி பேசினாய்?" என்றார். பின்படிக்கட்டுக் கதையைச் சொன்னேன். குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார். பிறகு, "உன்னை நேரில் வரச்சொல்லி எழுதுவதாக இருந்தேன். குரலை இப்படியே வைத்துக்கொள், எழுதமாட்டேன்" என்றார். பூஜை முடிந்ததும் கடிதம் வந்தது, வீட்டிலிருந்தே தொடரலாம் என்று. அதைப் படித்துவிட்டு அரிசி டிரம் மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். தோள்பட்டை இவ்வளவு நாள் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மேசை மறுபடி படுக்கையறைக்கு வந்துவிட்டது, செங்கல்லோடு. கதவைச் சாத்துவதில்லை. இங்கே பக்கத்து வீடுகளில் செய்வது போல அறை வாசலில் துணித் திரை தொங்கவிட்டோம். நான் அதைத் தரை தொடும்படிதான் தைத்திருந்தேன். மகள் அடிக்கடி தூக்கித் தூக்கிப் பார்த்ததால் கீழ்ப்பகுதியை முழங்கால் உயரத்துக்கு மடித்துத் தைத்தேன். இப்போது கூடத்தில் விளையாடிக்கொண்டே திரைக்குக் கீழே என் கால்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறாள். சில சமயம் வந்து கட்டைவிரலைத் தொட்டுவிட்டுப் போவாள். பேச்சின் நடுவே எனக்குச் சிரிப்பு வரும். வேலை நன்றாக நடக்கிறது. கழுத்தும் வலிப்பதில்லை. மாசிமா மட்டும் பின்படியைப் பார்க்கும்போதெல்லாம் "திருடி வேலையை விட்டுட்டியா பௌமா?" என்கிறார்.

ஒன்றுதான் மிச்சம். சென்ற மாதம் ஒரு கூட்டத்துக்கு உண்மையாகவே சால்ட் லேக் போக வேண்டியிருந்தது. முதல் நாளே மகளிடம் சொன்னேன். பால்கனியிலிருந்து டாட்டாவும் சொன்னாள். நான் தெருமுனை திரும்பியதும் தாத்தா இடுப்பிலிருந்து இறங்கி நேராகச் சாமான் அறைக்குப் போனாளாம். டிரம்முக்குப் பின்னால் பார்த்துவிட்டு, பின்பக்கக் கதவு அருகே உட்கார்ந்துவிட்டாளாம். "நான் எவ்ளோ சொல்லியும் நம்பலம்மா" என்றார் மாமனார், "என் பேச்சுக்கும் மதிப்பு போச்சு." மாலையில் நான் முன்வாசல் வழியாக வந்தபோது முதலில் என் கால்களைத்தான் பார்த்தாள். தூசி படிந்திருந்தது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டாள்.

இனி மாதம் ஒருமுறையாவது போக வேண்டியிருக்கும். பிள்ளைகளை வளர்த்தவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒருமுறை அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் காட்டிவிடலாமா, அல்லது காலம் போனால் தானே சரியாகிவிடுமா? போகிறேன் என்று நான் சொல்வதை அவள் மறுபடி நம்புவதற்கு என்ன செய்யலாம்? வீட்டில் இருக்கிறேனா, ஆபீஸில் இருக்கிறேனா என்று அடுத்த முறை கேட்டால் என்ன சொல்லலாம் என்று தோன்றினால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.