ஸ்கெலட்டனுக்குப் போகாத பார்சல்

செருப்புக்கடை வைத்தவன் ஊரில் எல்லாருடைய காலையும் பிடித்துத்தான் பிழைக்க வேண்டும். நானும் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன், ஊரே போனில் செருப்பு வாங்க ஆரம்பிக்கும் வரை.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வியாபாரம் தேறாவிட்டால் கடையை மூடிவிட்டு, பெங்களூரில் மைத்துனனிடம் வேலைக்குப் போய்விடுவது என்று தீர்மானித்திருந்தேன். மைத்துனனிடம் கைகட்டி நிற்பதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. கல்லாவில் இருந்த என் மனைவி ஸ்டெல்லா மட்டும், "பாக்கலாம்" என்றாள்.

போட்டுப் பார்க்க ஓரிடம்

டேனியல் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மேல்தட்டில் இருந்த ஷூக்களையெல்லாம் இறக்கவைத்தான். ஒவ்வொன்றையும் மாட்டி நடந்தான், குதித்தான், முட்டி போட்டும் பார்த்தான். கோயிலில் முட்டி போடும்போது விரலைக் கடிக்கக் கூடாதாம்.

ஒருவழியாக ஒரு ஜோடி பிடித்தது. பெட்டிமேல் இருந்த நம்பரைப் படமெடுத்தான். நான் ஷூவைத் தாளில் சுற்றுவதற்குள், அதே ஷூவை அதே சைஸில் போனில் வாங்கி முடித்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்து அசந்துபோனதையும் மறைக்க மாட்டேன். போகும்போது சொன்னான்:

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. உங்க கடைல போட்டுப் பாத்தாதான் ஆர்டர் போட தைரியம் வருது!"

எலும்புக்கூட்டுக்கு ஷூ எதற்கு?

மேர்சி டீச்சருக்கு வீடு ஸ்கெலட்டனில். மகள் ஷைனி கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பூசைக்காக வெள்ளை ஷூ ஆர்டர் போட்டிருந்தாள். கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, விலாசத்தில் விளையாடாதீர்கள் என்று கடிந்துகொண்டு ஆர்டரையே ரத்து செய்துவிட்டாளாம். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்திலிருந்து ஸ்கெலட்டன் என்றால் எங்களுக்கு ஒரு பேட்டை, அவ்வளவுதான். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பது டீச்சரான மேர்சிக்கே அன்றுதான் உறைத்தது.

நேரே எங்கள் கடைக்கு வந்தாள். "இன்னாண்ணா இது, நாங்க கீற எடத்த எலும்புக்கூடுன்றாங்க! உங்க கடை அட்ரஸ் குடுத்துக்கட்டுமா?"

எங்கேயோ செருப்பு வாங்கி என் செருப்புக்கடையில் இறக்குவதா? நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சரி என்று சொல்லிவிட்டாள். மேர்சி போனதும் நான் எகிறினேன். ஸ்டெல்லா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பார்சல் வாங்க கடைக்குள்ள வந்துதான ஆவணும்? வரட்டும்."

பாரதி வந்தாள்

அதன்பின் ஸ்கெலட்டனில் பாதிப்பேருக்கு எங்கள் கடைதான் விலாசம். பங்காருபேட்டையிலிருந்து பாரதி என்ற பெண் ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுவருவாள். மழையோ வெயிலோ, தன்னைவிடப் பெரிய பையோடு வந்து இறங்குவாள். போனில் தெலுங்கு, எங்களோடு கன்னடமும் தமிழும் கலந்து ஒரு பேச்சு. என் போட்டிக்காரர்களின் ஆள்தான். ஆனாலும் அந்த உழைப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஷைனியின் ஷூ சனிக்கிழமை வந்தது. மறுநாள் பூசை. குதிகால் உள்ளே போகவே இல்லை. பிள்ளை தேம்ப ஆரம்பித்தாள், மேர்சிக்கு முகம் செத்துவிட்டது. 'போனையே கேளுங்களேன்' என்று என் நுனிநாக்கு வரை வந்தது. அதற்குள் ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து பிள்ளையின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கள் தட்டிலிருந்து ஒரு வெள்ளை ஜோடியை எடுத்து, நுனியில் கொஞ்சம் பஞ்சு வைத்து மாட்டிவிட்டாள். டேனியல் மாதிரியே முட்டி போடச் சொன்னாள். ஷைனி முட்டி போட்டு எழுந்தாள்.

"ஆன்ட்டி, இது கடிக்கவே இல்ல!"

ஏசு படத்துக்குக் கீழே

திங்களன்று பாரதி, ஷைனிக்குப் பத்தாத அந்த ஷூவைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முணுமுணுப்பில்லை, முகச்சுளிப்பில்லை. எனக்கு வியப்பு தாங்கவில்லை. எங்கள் கடையில் ஏசு படத்துக்குக் கீழே 'விற்ற சரக்கு வாபஸ் இல்லை' என்ற பலகை, கடை திறந்த நாளிலிருந்து தொங்குகிறது. அன்று சாயங்காலம் ரயிலிறங்கித் தன் பார்சலை வாங்க வந்த டேனியல் அதைப் படித்துச் சிரித்தான். ஸ்டெல்லா ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றியது அவன் சொன்ன பிறகுதான்:

"மேல இருக்கறவரு எல்லாத்தையும் மன்னிக்கிறாரு. கீழ நீங்க ஒரு ஷூவ வாபஸ் வாங்க மாட்டீங்களாண்ணா?"

பஜார் பேச்சு

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. பார்சலுக்கு வந்தவர்கள் பிள்ளைகளையும் கூட்டிவந்தார்கள். ஸ்டெல்லா சும்மா இருக்காமல் காலை அளந்துவிட்டாள். வியாபாரம் அசைந்தது, ஆனாலும் எனக்கு பயம் விடவில்லை. பள்ளி ஷூ சரக்குக்குச் சொல்வதா, மைத்துனனுக்குச் சொல்வதா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மேர்சி புயலாக உள்ளே வந்தாள்.

"கடைய மூடப்போறீங்களாமே! மூடிட்டா என் பார்சல் எங்கண்ணா வரும், எலும்புக்கூட்டுக்கா?"

சரக்குக்கே சொல்லிவிட்டேன், ஊர் முழுக்க வேறெங்கோ வாங்குவதற்காக நான் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன், பார்சல் எடுக்க வருகிறவர்கள் கால் தவறி என் செருப்பையும் வாங்கிப் போகிறார்கள்.