மூட்டையில் எழுதிய பெயர்

மூட்டை தைத்த அன்று தோட்டத்தில் அப்பா இருந்தார், நான் இருந்தேன், லாரி டிரைவர் இருந்தார். அம்மா இல்லை. கிழங்கைத் தரம் பிரித்துக் குவித்துவிட்டு, அக்காவின் பிரசவத்துக்குக் காரமடை போயிருந்தார். அவர் இருந்திருந்தால் சாயக் கிண்ணம் என் கைக்கு வந்திருக்காது.

நீலகிரி மலையில், பிக்கட்டிக்குக் கீழே எங்களுக்குக் குத்தகை நிலம். அந்த முறை நாற்பத்திரண்டு மூட்டை உருளைக்கிழங்கு. மேட்டுப்பாளையம் மண்டியில் கிடைக்கிற விலையை வைத்துத்தான் அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு எடுக்க வேண்டும். மண்டிக்கு அனுப்பும் மூட்டையில் அவரவருக்கு ஒரு மார்க்கு உண்டு. எங்களுடையது அம்மா போடுவது. மூன்று விரலைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்துச் சாக்கின் மேல் ஒரே இழுப்பு; அதற்கு மேலே டம்ளர் அடியால் ஒரு வட்டம். மண்டியில் அதற்குக் கோழிக்கால் என்று பேர்.

எங்கள் வீட்டில் படிப்பு என்று போனவன் நான் ஒருவன்தான். அப்போது ஊட்டியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. எழுத்து எப்படித் தோன்றியது என்ற பாடத்தை அந்த வாரம்தான் படித்திருந்தேன். முதலில் எழுத்து கிடையாது. சரக்கு யாருடையது என்று சொல்ல ஒரு குறி, அவ்வளவுதான். சிந்துவெளிக்காரர்கள் சரக்கைக் கட்டின கயிற்றின் மேல் களிமண்ணை அப்பி முத்திரை குத்தியிருக்கிறார்கள். அந்தக் களிமண்ணின் பின்பக்கம் சாக்கின் இழை இன்னும் பதிந்திருக்கிறதாம். நம் பக்கத்துப் பானை ஓடுகளிலும் குறிகள் உண்டு. போகப்போக ஆட்களின் பெயரே எழுத்தில் வந்துவிடுகிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. விடுதியில் கேட்க ஆளில்லை. அப்பா சாக்கு தைக்கும்போது சொன்னேன். அவர் ‘ம்’ கொட்டினார். கோணி ஊசி நிற்கவில்லை.

“நாம இன்னும் கோழிக்கால்லயே நிக்கறோங்கப்பா. உங்க பேரையே எழுதிடட்டுங்களா?”

“எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன். எழுது சாமி.”

டிரைவர் சிரித்தார். “ஏனுங்க, கிழங்கு என்ன பரீட்சைக்கா போகுது?”

நாற்பத்திரண்டு மூட்டையிலும் எழுதினேன். ஏற்றும்போது அப்பா ஒரு மூட்டையின் எழுத்துமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் மதியத்துக்குள் விலை சொல்லி போன் வரும். வரவில்லை. அதற்கு அடுத்த நாள் மண்டிக் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்.

“ஏனுங்க, இந்த வாரம் கோழிக்கால் வரலீங்களா? ஏலத்துல கேட்டாங்களே.”

அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த பஸ்ஸில் தனியாக மலையிறங்கி மேட்டுப்பாளையம் போனேன். வழியில் பர்லியார் வரும்போதே வெக்கை தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் மூட்டைகள் மண்டியின் தகரக் கூரைக்கடியில் ஒரு மூலையில் கிடந்தன; டிரைவர் அன்றே இறக்கிவிட்டுப் போயிருந்தார். அங்கே லாரி இறக்குகிறவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. மார்க்கு அத்தனையும் தெரியும். மார்க்கில்லாததை ஒதுக்கிப் போட்டிருந்தார்கள்.

“நான் படிச்சுப் பார்த்தேன் தம்பி,” என்றார் கணக்குப்பிள்ளை. “இந்தப் பேர்ல நமக்கு நாலு பேர் இருக்காங்க. யாருன்னு நெனைக்கறது?”

கோழிக்காலை எப்போதும் பிரித்துப் பார்க்காமலே எடுக்கிற வியாபாரியைக் கூட்டி வந்தார். அம்மா பிரித்த கிழங்கில் வெட்டுப்பட்டது இருக்காது என்று அந்த வியாபாரிக்குத் தெரியும். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்புவதற்காகச் சாயம் வாங்கி, மூன்று விரலைத் தோய்த்து ஒரு மூட்டையில் இழுத்தும் காட்டினேன். கோடுகள் கோணிக்கொண்டு போய்ச் சொட்டின.

அவர் குனிந்து பார்த்தார். “இது அந்தக் கை இல்லியே கண்ணு. கோழிக்காலுக்கு வெலை போகுதுன்னு யாரு போட்டுட்டு வந்தாலும் நான் எடுத்தறணுமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லா மூட்டையையும் பிரிக்கச் சொன்னார். இரண்டு நாள் வெக்கையில் அடிமூட்டைகளில் கிழங்கு வேர்த்து ஈரமாகியிருந்தது. அவர் சொன்ன விலைக்குச் சரி என்றேன். பேரம் பேச எனக்குத் தெரியாது.

எடைபோடும் வரை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பாவின் பெயர். அவ்வளவு ஆட்கள் போய்வந்த இடத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. இறக்கும் ஆள் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார். அவர் பாஷை எனக்குப் புரியவில்லை. தரைத் தூசியில் மூன்று விரலால் ஒரு இழுப்பு இழுத்து, மேலே ஒரு வட்டம் போட்டு, மூட்டையைக் காட்டினார். அம்மா போட்டது போலவே இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து போனார்.

நான்கு நாள் கழித்து அம்மா வந்தார். அப்பா அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என் விரல்களில் இருந்த சிவப்பைப் பார்த்தார்.

“என்ன வெலைக்குப் போச்சு?”

“மூட்டை ஆயிரத்து முந்நூத்தம்பதுங்கம்மா.”

அந்த வாரம் கோழிக்கால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் போயிருக்கும் என்று கணக்குப்பிள்ளை என்னிடம் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன்.

“அப்ப வெதைக்குப் பத்தாது. கீழ்ப்பாத்தி இந்த வாட்டி சும்மா கெடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, விரலைத் துடைக்க மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அம்மா என்னிடம் நீட்டினார்.

மூட்டைக்கு ஐந்நூற்றைம்பது குறைவு. நாற்பத்திரண்டு மூட்டைக்கு இருபத்து மூவாயிரத்து நூறு ரூபாய்.