ஏரிக்குள் குதித்த அம்மா

பச்சைமலை அடிவாரத்து ஏரியைச் சுற்றி என் மகளோடு நடந்துகொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகளும் களைக்காமல் சுற்றிவரக்கூடிய பாதை அது. திடீரென்று பின்னால் 'தொபுக்'கென்று ஒரு சத்தம். பதறித் திரும்பினேன். ஓர் எருமைதான் தண்ணீரில் இறங்கியிருந்தது. ஆனாலும் மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டேன்.

சிறுவயதில் இதே பாதையில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு, ஏரியைச் சுற்றி நடந்தோம். பாசி படிந்த பாறையில் ஏறிய என் தம்பி வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தான். ஒரு கை மட்டும் மேலே தெரிந்து மறைந்தது.

"ஐயோ, யாராச்சும் வாங்களேன்! எனக்கு நீச்சல் தெரியாதே!" என்று அப்பா அலறினார்.

அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தாள். கோயில் குளத்தில்கூடக் காலை மட்டும் நனைப்பவள், நீரைக் கிழித்துக்கொண்டு போய் மூழ்கி, தம்பியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தாள். முதுகில் தட்டியதும் அவன் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான்.

அப்பா அம்மாவையே வெறித்துப் பார்த்தார். "உனக்கு நீச்சல் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ஊரு கெணத்துல தெனம் நீந்துவேன். நீங்க கேட்டதே இல்லியே," என்றாள் அம்மா, மூச்சு வாங்கியபடி.

அன்றிலிருந்து அப்பா எங்களைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை.

"ஏம்மா கையை இப்படி இறுக்கிப் பிடிக்கிற?" என்று மகள் கேட்டாள்.

"எனக்கு இன்னும் நீச்சல் தெரியாதுடி," என்றேன்.