இரண்டு பேர் திறக்கும் பூட்டு

வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். இந்தத் தாளை நாளை நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்குள் செருகிவிடுவேன்.

கண்காட்சிக்காக நான் செய்த பெட்டிப் பூட்டை இன்று டீச்சர் பார்த்தார். நீளமான பெட்டி. இரு முனைக் கட்டைகளையும் ஒரே சமயத்தில் இழுத்தால்தான் திறக்கும்.

“ஒரு ஆளால முடியாதேம்மா?”

“கரையைத் தனியா கோர்த்து நெய்யுற கோர்வைச் சேலைக்கு ரெண்டு பேர் வேணுமே டீச்சர். தினம் அப்பாகூட தறியில உட்கார்ந்து பழக்கம். இதையும் அப்படியே செஞ்சுட்டேன்.”

வகுப்பே சிரித்தது.

“சரி, அந்தப் பக்கம் யாரு இழுக்குறது?”

ஒருத்தியும் எழவில்லை.

“உங்கப்பாவையே கூட்டிக்கினு வாடி” என்றாள் குமுதா.

அந்தக் கட்டைகள் அப்பாவின் தறி நாடாக்கள், ஊடை நூலைக் குறுக்கே ஓட்டுபவை. கேட்காமல் எடுத்தது தெரிந்தால் என் படிப்பையே நிறுத்திவிடுவார்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. அந்தப் பக்கம் இழுக்க யாராவது வருவதாக இருந்தால் கீழே பெயர் எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் போதும், குமுதா பார்ப்பதற்குள் அழித்துவிடுகிறேன்.