பெரிய கதவின் ஏலம்

ஒரே பன்றித்தொடையை ஒரே மாலையில் ஒன்பது தடவை விற்ற பெருமை பெல்மிரோவைச் சேரும். இதில் மோசடி எதுவும் இல்லை. எங்கள் மலையூரான கொர்சாஸில் வழக்கம் அப்படி. மமேதே புனிதர் திருவிழாவில், கோயிலுக்கென்று வந்த பொருளை ஏலம் எடுத்தவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால், வயிற்றுக்காக எடுத்தான் என்று ஊர் பேசும். மானமுள்ளவன் காசைக் கொடுத்துவிட்டுப் பொருளை மேசைக்கே திருப்பித் தருவான். மறுபடி ஏலம். அந்த ஒன்பதாவது ஆள், பிரான்ஸிலிருந்து முதல்முறையாக விடுமுறைக்கு வந்த ஒரு மருமகன். வழக்கம் தெரியாமல் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். அவனுடைய மாமனார் இன்னும் தலைநிமிரவில்லை.

பெல்மிரோ தபால்காரராக இருந்தவர். எந்த வீட்டுக்கு எந்த நாட்டிலிருந்து எவ்வளவு தடிமனான உறை வருகிறது என்பது முப்பத்தோரு வருஷம் அவருடைய பைக்குள் இருந்த விஷயம். அந்த ஞானத்தை அவர் ஏல மேசையில் இறைப்பணிக்குப் பயன்படுத்தினார்.

"ஏய் எர்மினியோ! லியோன்ல நாலு சிமெண்டு லாரி ஓட்டுறியாம். கையத் தூக்க மட்டும் வலிக்குதாக்கும்?"

"தூக்கினா நீங்க இறக்க விடமாட்டீங்களே அண்ணே!"

"இறக்காத. அப்படியே நில்லு. மாதா சுரூபம் மாதிரி அழகாத்தான் இருக்க. அறுபது யூரோ, ஒரு தரம்!"

கோயில் கூரை பதினான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு பிப்ரவரிப் பனியில் உள்ளே விழுந்தது. அதிலிருந்து ஊரே நிதி திரட்டியது. கஷ்கொட்டை விருந்து வைத்தோம், மத்தி மீன் விருந்து வைத்தோம். கழுதைப் பந்தயம் வைத்து, ஜெயித்த கழுதைக்குப் பரிசு கொடுத்ததில் நஷ்டப்பட்டோம். நூறு ஓடு வாங்க நடத்திய விருந்தில் நூற்றைம்பது ஓட்டின் விலை வாணவேடிக்கையாக மேலே போகும். வெடி இல்லாமல் விருந்து நடத்தினால் பக்கத்து ஊர்க்காரன் நம்மை ஏழை என்று நினைத்துவிட மாட்டானா? இந்தக் கணக்கை யாரும் கேள்வி கேட்கவில்லை. கூரைக் கமிட்டியின் செயலாளன் என்ற முறையில் நானும்தான் கேட்கவில்லை.

கூரை வேயும்வரை பூசை தீயணைப்பு வண்டிகள் நிற்கும் கொட்டகையில் நடந்தது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், எல்லாமே இரண்டு சிவப்பு வண்டிகளுக்கு நடுவில்.

மூன்றாம் வருஷம் பெல்மிரோவின் மனைவி எட்டெல்வினா இறந்தார். அடக்கப் பூசை பாதியில் இருக்கும்போது தீயணைப்பு அபாயச் சங்கு ஊதிவிட்டது. மலைச்சரிவில் காட்டுத் தீ. எங்கள் தீயணைப்புத் தலைவருக்குப் பக்தி உண்டு, ஆனால் அதைவிட வேகம் உண்டு.

"பெட்டியக் கொஞ்சம் ஓரமா நகத்துங்கப்பா, வண்டி போகணும்!"

யாரும் அசையவில்லை. பெல்மிரோதான் தள்ளுவண்டியோடு மனைவியைச் சுவர் ஓரம் தள்ளிக்கொண்டு போனார். தலைக்கவசங்கள் தொங்கும் வரிசைக்குக் கீழே, டயர் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் அந்த அம்மாளின் மீதிப் பூசை நடந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது என்னிடம் சொன்னார்:

"நான் இப்படிப் போகமாட்டேன் தம்பி. கோயில் பெரிய கதவு வழியா உள்ள போய், அது வழியாத்தான் வெளிய வருவேன்."

அதற்குப் பிறகு அவர் ஏலம் போட்டதைப் பார்த்தவர்கள் அதைப் பக்தி என்றார்கள். எனக்கு அது அவசரமாகத் தெரிந்தது.

போன ஜனவரியில் கூரை முடியும் தறுவாய். தச்சு வேலைக்குக் கடைசித் தவணை பாக்கி. கமிட்டியில் ஆளாளுக்குத் தலையைச் சொறிந்தபோது பெல்மிரோதான் யோசனை சொன்னார்.

"பெரிய கதவு பதினாலு வருஷமா மூடியிருக்கு. வேலையாளுங்ககூடப் பின்வாசல்லதான் போறாங்க. அத முதல்ல திறக்கிற உரிமைய ஏலம் விடுவோம். ஆகஸ்டு பதினேழு, திருவிழா அன்னிக்கு. பிரான்ஸ் போன நம்மாளுங்க அத்தனை பேரும் லீவுல இருப்பாங்க."

தலைவி அடோசிண்டா அக்கா எழுந்து அவருடைய இரண்டு கன்னங்களிலும் முத்தம் கொடுத்தார். நோட்டீஸ் அச்சடித்து லியோன், லக்ஸம்பர்க் வரை அனுப்பினோம்.

மார்ச்சில் பெல்மிரோவுக்குத் தொண்டை கட்டியது. பிரகான்சா ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கஷ்கொட்டை உதிர்கிற பருவம்வரை தாங்குவது சந்தேகம் என்றார். மே மாதம் கடைசி ஓடு ஏறியது. ஜூனில் அவர் கமிட்டிக்கு வந்தார். தெருக்கோடி வரை கேட்ட குரல் மேசையின் மறுபக்கத்துக்கே எட்டவில்லை.

"கதவ இப்பவே திறந்தா என்ன?"

எல்லோரும் மேசையைப் பார்த்தோம்.

"அண்ணே, ஏலப் பொருள அறிவிச்சாச்சு," என்றார் அடோசிண்டா அக்கா. "திறந்த கதவ யாரு வாங்குவா?"

"அறிவிச்ச பொருள வாபஸ் வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க," என்றேன் நான். அதை நான்தான் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றார் பெல்மிரோ. தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓட்டெடுப்பு நடந்தது. ஒருமனதாகக் காத்திருக்க முடிவாயிற்று.

ஜூலை முதல் வாரம் பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். ஒட்டியிருந்தது.

"ஏலத்துக்கு வரமுடியாதவங்க கேக்குற தொகைய சீட்டுல எழுதிக் குடுப்பாங்கள்ல? அதத்தான மொதக் கேள்வியா வாசிப்ப?"

"ஆமாண்ணே."

"இது என் சீட்டு. அன்னிக்குத்தான் பிரிக்கணும்."

"நீங்களே வந்து மேசையில நிப்பீங்கண்ணே."

"பொய் சொன்னா முகத்த நேராப் பார்த்துச் சொல்லு. ஏலக்காரனுக்கு அதுதான் பால பாடம்."

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி இறந்துபோனார். திருவிழாவுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. பங்குச் சாமியார் அமாதேயு, "நீங்களே முடிவு பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுச் செபமாலையை எடுத்துக்கொண்டார். நாங்கள் மனசாட்சி இல்லாதவர்கள் அல்ல. பின்வாசல் வழியாகக் கொண்டுபோகலாமா என்று அளவு நாடாவோடு போய் அளந்து பார்த்தோம். திருப்பத்தில் பெட்டி திரும்பாது. நிமிர்த்தினால் போகும் என்றார் தச்சர். மரியாதையாக இருக்காது என்று மறுத்தோம். ஆகவே மரியாதையாகத் தீயணைப்புக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். அந்த நாள் முழுக்கப் பெரிய கதவின் சாவி என் கோட்டுப் பையில் இருந்தது. முன்னூறு கிராமாவது இருக்கும்.

ஆகஸ்டு பதினேழு. சதுக்கத்தில் நிற்க இடமில்லை. எர்மினியோ ஐயாயிரம் யூரோ கொண்டுவந்திருக்கிறான் என்று அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். லக்ஸம்பர்க் ஆட்கள் அதைத் தாண்டுவோம் என்று சவால்விட்டார்கள். ஏலம் கூற ஆளில்லாததால் அந்தத் தண்டனை எனக்குக் கிடைத்தது. சாவியை வெல்வெட் தலையணையில் வைத்துவிட்டு உறையைப் பிரித்தேன்.

"முதல் கேள்வி, பெல்மிரோ தவெய்ரா. பன்னிரண்டு யூரோ."

ஒரு முழம் தொத்திறைச்சிக்குக்கூட அவர் ஒப்புக்கொள்ளாத தொகை அது.

எர்மினியோ வாயைத் திறந்தான். அவன் மனைவி அவன் காலை மிதிப்பதை நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டான். லக்ஸம்பர்க் பக்கம் திரும்பினேன். அவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்த மனிதனை முந்திக்கொண்டு கை தூக்க எங்கள் ஊரில் எவனுக்கும் தைரியம் வராது. அது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அவருக்கு ஜூலையிலேயே தெரிந்திருக்கிறது.

"ஒரு தரம்," என்றேன். "ரெண்டு தரம்."

அடோசிண்டா அக்கா கண்ணாலேயே இழுத்தடிக்கச் சொன்னார். எவ்வளவு நேரம்தான் இழுப்பது?

"மூணு தரம்."

சீட்டில் இன்னும் மூன்று வரிகள் இருந்தன. அவற்றையும் வாசித்தேன்.

"வாங்கிய பொருளைத் திருப்பித் தரமாட்டேன். செயலாளன் என் சார்பில் திறக்கட்டும். ஆறு பேர் ஒரு பெட்டியை வாசலிலிருந்து பீடம்வரை தூக்கிப்போகும் நேரத்துக்கு எவனும் உள்ளே கால் வைக்கக் கூடாது."

சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. புது மரமும் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. உள்ளே ஒரு நீண்ட வெளிச்சம் விழுந்தது. ஊர் முழுக்க வெயிலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றோம்.

"இவ்வளவு நேரம் போதும்ல?" அடோசிண்டா அக்கா என் காதோரம் கேட்டார். "கடைசில ரொம்ப இளைச்சிட்டாரு. கனமே இருக்காது."

"அவசரப்படாதீங்கக்கா. இன்னும் நடுவழிதான்."

மலைச்சரிவில் நின்ற வாணக்காரனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கதவு திறந்ததைப் பார்த்து அவன் இருபத்தொரு ராக்கெட்டையும் விட்டான். எவரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. புகை கலைந்தது. பீடம்வரை போய்ச் சேர்ந்திருக்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அப்படியும் நின்றுகொண்டேயிருந்தோம். அடுத்து உள்ளே போவது யார் என்பதற்கு எங்கள் ஊரில் வழக்கம் எதுவும் இல்லை.