பாஸ்டரம்மாவின் கிரைண்டர்

2004இல், நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ்ச் சபையின் பாஸ்டர் மாரடைப்பில் இறந்தார். அவரும் மனைவியும் வெஸ்ட் வின்ட்சரில் சபைக்குச் சொந்தமான குருமனையில் குடியிருந்தார்கள். புதிய பாஸ்டர் குடும்பத்தோடு வரவிருந்ததால் வீடு காலியாக வேண்டும். பாஸ்டரம்மா நாகர்கோவிலுக்குத் திரும்பிவிடுவார் என்று கமிட்டியில் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பிரியாணி விருந்து வைத்து, பொன்னாடை போர்த்தி, ஒருவழி விமான டிக்கெட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். பலமாகக் கைதட்டினோம். அவர் "தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னார்.

சென்னையில் நிருபராக இருந்தவன் என்பதால் சபையின் ஆண்டு மலர் என் தலையில் விழும். போதகர்களின் விதவைகளுக்காக அந்தக் காலத்தில் கட்டிய தர்ம விடுதி ஒன்று ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது. அதன் வரலாற்றை எழுதக் கிளம்பியபோது பாஸ்டரம்மா போன் செய்தார்.

"தம்பி, அங்க போறியளாமே? நானும் வரட்டா?"

சிவப்புச் செங்கல் வீடு. சாப்பாட்டுக் கூடத்தில் எந்த நாற்காலியும் இன்னொன்றைப்போல் இல்லை. நிர்வாகியான அமெரிக்கப் பெண்மணி காரணம் சொன்னார். ஒரு பனிக்காலத்தில் புதிய போதகரின் வண்டி வாசலுக்கு வந்துவிட, இறந்த போதகரின் மனைவி ஒரு நாற்காலியோடு தெருவில் நின்றாராம். குருமனையில் அது ஒன்றுதான் அவருடையது. அதைப் பார்த்த ஒரு மாவு வியாபாரியின் மனைவி கட்டியதுதான் இந்த வீடு. வருகிறவர்கள் சொந்த நாற்காலியைக் கொண்டுவருவது அன்றிலிருந்து வழக்கம்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பாஸ்டரம்மா ஆங்கிலத்தில் கேட்டார், அறை காலியாக இருக்கிறதா என்று. யாருக்கு என்றார் நிர்வாகி. எனக்குத்தான் என்றார் இவர்.

"ஆன்ட்டி, ஊருக்குப் போகலையா?" என்றேன்.

"அவரை இங்கதான அடக்கம் பண்ணியிருக்கு. ஊர்ல எனக்கு யாரு தம்பி இருக்கா? கிரீன் கார்டும் இருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா."

உங்கள் சபை ஏற்பாடு எதுவும் செய்யவில்லையா என்று நிர்வாகி கேட்டது அவரை, பார்த்தது என்னை. நான் வாய் திறப்பதற்குள் பாஸ்டரம்மா பதில் சொல்லிவிட்டார். அவர்கள் ரொம்ப நல்லவர்கள், டிக்கெட்டெல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள் என்று.

அறை கிடைத்தது. சொந்தமாக நாற்காலி இல்லை, கிரைண்டர்தான் இருக்கிறது, சத்தம் போடும், பரவாயில்லையா என்று கேட்டார் பாஸ்டரம்மா. நிர்வாகி சிரித்துக்கொண்டே தலையசைத்தார். குருமனையின் சோபா, கட்டில், நாற்காலிகள் எல்லாம் நாங்கள் சபைக்குக் கொடுத்தவை.

"மலர்ல இதெல்லாம் எழுதுவியளா?" என்றார் திரும்பும் வழியில்.

"எழுதறேன் ஆன்ட்டி."

"பிரியாணி நல்லா இருந்துச்சுன்னும் எழுதுங்க."

குடிபோகும் நாளில் கிரைண்டரை என் காரில் ஏற்றினேன். பின் இருக்கையில் என் வீட்டு நாற்காலி ஒன்றையும் வைத்திருந்தேன். விடுதி வாசலில் அதை இறக்கப் போனபோது பாஸ்டரம்மா தடுத்தார்.

"வேண்டாம் தம்பி. அது உங்க நாற்காலி."

கிரைண்டரை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, நாற்காலியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.